பெரும்பொழுத டேபிள் போட்டு படிச்சு ஏமாந்த கதைங்க

யூஜிசி நெட் பரீட்சைல தமிழ் பேப்பர ரெண்டாவது தடவைலதானுங்க கிளியர் பண்ணுனேன். மொத தடவ சொதப்புனது சங்க இலக்கியத்துல ஒவ்வொரு திணைக்கும் சொல்ற பெரும்பொழுது (பருவம்), சிறுபொழுதுலதான் (நாள்ல ஒரு நேரம்), ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர்னு டேபிள் போட்டு செவுத்துல ஒட்டி தெனமும் ஒப்பிச்சுட்டுப் போயும் ஹால்ல பொருத்துகவ பாத்ததும் முன்பனி குறிஞ்சிக்கா பாலைக்கான்னு மண்ட சுத்திருச்சு. (முன்பனி குறிஞ்சிக்கு, பின்பனி பாலைக்கு, இத இப்பவே மனசுல போட்டுக்கோங்க.)

எனக்கு இது புரிஞ்சது எங்க அம்மிச்சியாலதான் (அம்மாவோட அம்மா). காங்கயம் பக்கம் கொறங்காடு (மேய்ச்ச நெலம்), சுத்தியும் கிளுவை வேலி. மாமா லாரி ஓட்டறாரு, வடக்க போனா எப்ப வருவார்னே தெரியாது, அந்த வருசம் ஆடி பொறந்ததும் நோம்பிக்கு வந்தர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. ஆடி பத்து தேதி தாண்டிருச்சு, காத்து ஓட்டுக் கூரையவே தூக்கிட்டு போற மாதிரி அடிக்குது, பக்கத்து தோட்டத்து அக்கா "ஏனுங்காத்தா, ஆடிக் காத்தே வந்துருச்சு, பையன இன்னும் காணமுங்களே"ன்னுச்சு. அம்மிச்சி மாட்டுக்கு தண்ணி காட்டிட்டே, திரும்பிக்கூட பாக்காம, "இது ஆடிக் காத்தில்ல கண்ணு, ஆனிக் காத்து. அவன் சொன்னா வந்துருவான்"ன்னுச்சு.

அன்னிக்கு ராத்திரி குறுந்தொகை 21 எடுத்து வெச்சா அதே பேச்சு. கொன்றை பூத்து காடே கார்காலம்னு சொல்லுது, தலைவியோ "கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன், அவர் பொய் வழங்கலரே"ங்கறா, ஓதலாந்தையார் பாட்டு. 66ல தோழி ஒருபடி மேல போயி வம்ப மாரிய (காலந்தப்பி பேயற மழைய) காருன்னு நம்பி பூத்த கொன்றையவே மடையன்னு திட்டறா. அப்ப காருங்கறது வெறும் மழை இல்லீங்க, தலைவன் திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போன கெடு. அது தெரிஞ்சா சிறுபொழுதான மாலையும், காத்துக்கிட்டு இருக்கற இருத்தலும் தானா வந்து முல்லைல ஒட்டிக்கும், டேபிள் தேவையில்ல. குறிஞ்சிக்கு கூதிர், யாமம்னா குளிரு இருட்டு, அவன் திருட்டுத்தனமா வர்றதுக்கு தோதான நேரம். பாலைக்கு வேனில், நண்பகல்னா சுரத்து (வறண்ட வழி) வெயிலு, பிரிவு.

ரெண்டு எடத்துல மட்டும் கவனமுங்க. நம்மூர்ல நல்ல மழையே ஐப்பசிலதான் பேயும், சரக்கொன்றை சித்திரைலயே பூத்துரும், வாசல்ல பாக்கறத வெச்சு விடைய டிக் அடிச்சராதீங்க. இன்னொன்னு பத்துப்பாட்டுல வர்ற நெடுநல்வாடை, 188 அடியும் கூதிருதான், ஆனா பாண்டியனோட வேம்பு அடையாளத்த வெச்சு பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் அத அகம் இல்ல, புறம்னுட்டாரு, அவசரத்துல குறிஞ்சின்னு போட்டீங்கன்னா ரெண்டு மார்க் போச்சு.

மாமா ஆவணி பொறந்துதான் வந்தாரு. அம்மிச்சி ஒண்ணும் கேக்கல, வட்டல எடுத்து வெச்சு சோறு போட்டுச்சு.