லாங் பீச்சில் ஒரு சாம்பல் பேய்

குயின் மேரியைத் தூரத்தில் பார்த்ததுமே, "அப்பா, இது கப்பலா அபார்ட்மெண்ட்டா?" என்றாள் மகள். கேள்வி நியாயம்தான். 1,019 அடி நீளம், மூன்று பெரிய சிவப்புப் புகைபோக்கிகள். 1967 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லாங் பீச் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது, அப்புறம் எங்கும் போகவில்லை.

உள்ளே முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் கால் நின்றுவிட்டது. உயரமான சுவரில் வட அட்லாண்டிக் வரைபடம். இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் நடுவே இரண்டு தடங்கள், பருவத்துக்கு ஒன்றாக. படிகத்தில் செய்த குட்டிக் கப்பல் ஒன்று அதில் ஊர்ந்து, நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டுமாம். சூப்பை உறிஞ்சிக்கொண்டே பார்த்திருப்பார்கள்! 1936 மே மாதம் முதல் பயணம். மூன்றே வருடத்தில் அந்தச் சொகுசு தடைப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கம்பளங்களை இறக்கிவிட்டு, உடம்பு முழுக்கச் சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள். 'சாம்பல் பேய்' என்று பெயரே வந்துவிட்டது. போரின் தொடக்க ஆண்டுகளில் ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிக்கொண்டு, நம் திருகோணமலை வழியாகச் சூயஸுக்குப் போயிருக்கிறது. அட்லாண்டிக் குளிருக்குக் கட்டின கப்பல் செங்கடல் வெயிலில் எப்படி வெந்திருக்கும் என்று திருச்சிக்காரனான எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர். சாதாரண நாளில் இரண்டாயிரம் சொச்சம் பயணிகள் போன கப்பல் இது! நீச்சல்குளத்திலும் அடுக்குக் கட்டில். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவருக்குப் படுக்கை.

முன்தளத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். வயிறு கலங்கியது, உயரத்தால் மட்டுமல்ல. நீர்மூழ்கிகளிடமிருந்து தப்ப, இந்தக் கப்பல் வளைந்து வளைந்துதான் ஓடும். 1942 அக்டோபர் 2, அயர்லாந்துக்கு வடக்கே, காவலுக்கு வந்த குராசோவா என்ற போர்க்கப்பல் அந்த வளைவில் மாட்டிக்கொண்டது. இந்த முனைதான் அதை இரண்டாக வெட்டியது. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. உள்ளே பத்தாயிரம் பேருக்கு மேல் வீரர்கள். நிற்கவில்லை. தண்ணீரில் தத்தளித்தவர்களில் சுமார் நூறு பேரை மற்ற காவல் கப்பல்கள் பிறகு வந்து தூக்கின. தவறு யாருடையது என்ற வழக்கு போர் முடிந்தும் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு கடற்படைக்கு, ஒரு பங்கு குயின் மேரிக்கு என்று முடித்தார்கள்.

கப்பலுக்குள் இருந்த பலருக்கு அந்த மோதல் லேசான ஒரு குலுக்கலாகத்தான் தெரிந்ததாம்.