வெள்ளைக் கோடு போட்ட அட்டை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். நாளொன்றுக்குக் குறைந்தது பத்து மனு அடிப்பேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன். அடித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும், இது நடக்காது என்று பாதி தெரிந்துவிடும். நடக்காத மனுவில் கதை நிறைய இருக்கும். என்ன வேண்டும் என்பது கடைசி வரியில் எங்கேயோ கிடக்கும். இவ்வளவு தெரிந்தவள் என் மகளுக்காக அடித்த முதல் மனு அதே ரகம்தான்.

மகளுக்கு இப்போது பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே வலது பக்கம் பெருமூளை வாதம். வலது கை விரல்கள் மடங்கியே இருக்கும், வலது காலை லேசாக இழுத்து நடப்பாள். எழுதுவது இடது கையால். எழுத்து என்னுடையதைவிட அழகு. ஆனால் தாளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டுமே, அது வராது. வலது முழங்கையை ஊன்றி அமுக்கிக்கொள்வாள். நாலு வரிக்கு ஒருமுறை தாள் நழுவும். பேனாவைக் கீழே வைத்து, தாளை நேராக்கி, முழங்கையைத் திரும்ப ஊன்றி, பேனாவை எடுத்து, விட்ட இடத்தைத் தேடி எழுத வேண்டும். பத்து பக்கம் எழுதினால் இது எத்தனை தடவை நடக்கும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவ போர்டு பார்த்து ஊனம் 35 சதவீதம் என்று எழுதினார்கள். பிறகு யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்தது. அந்த அட்டையில் நிறக்கோடு ஒன்று இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, அதற்கு மேல் மஞ்சள், 80 முதல் நீலம். எங்களுக்கு வெள்ளை. குறைவாகத்தானே போட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கு மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

பத்தாம் வகுப்பு காலாண்டுப் பரீட்சையில் சமூக அறிவியலில் கடைசி நாலு கேள்வி காலி. கணக்கில் கிராஃப் போடவே இல்லை. “தெரியாதா மக்களே?” என்று கேட்டேன். “தெரியும். பெல் அடிச்சிட்டு” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு வெப்ராளமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன். மாடியில் இருந்த வகுப்பைக் கீழே மாற்றித் தரக் கேட்டபோது இரண்டே நாளில் மாற்றினார்கள். பரீட்சைக்குச் சலுகை கேட்டபோதுதான் ஹெச்.எம். டீச்சர் அட்டையை வாங்கிப் பார்த்து, “40க்கு மேல இருந்தாத்தான் சலுகைக்கு எழுத முடியும், 35 தானே இருக்கு” என்றார். அட்டையைத் திருப்பித் தரும்போது அவருக்கே சங்கடம்.

அன்று ராத்திரி கடையைப் பூட்டுவதற்கு முன்பு உட்கார்ந்து மனு அடித்தேன். இரண்டு பக்கம். என் பிரசவம், ஆஸ்பத்திரி, என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர், எல்லாம் வந்துவிட்டது. கடைசியில், “ஆகவே என் மகளுக்குச் சொல்வதை எழுதுபவர் நியமித்து உதவுமாறு தாழ்மையுடன்” என்று முடித்தேன். பள்ளிக்கூடம் வழியாக அது கல்வித்துறை அலுவலகம் ஒன்றுக்குப் போயிற்று.

நகலை வீட்டில் மேசையில் வைத்திருந்தேன். பிள்ளை எடுத்துப் படித்தாள்.

“சொல்வதை எழுதுபவர்னா யாரு?”

“நீ சொல்லுவ, ஒரு டீச்சர் எழுதுவாங்க.”

“என் எழுத்துக்கு என்ன கேடு? எனட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா? நான் எழுதிக்கிடுவேன். எனக்கு நேரம்தான் வேணும்.”

சரிதானே. கணக்குப் பாடத்தில் கிராஃபை அவள் வாயால் சொல்லி இன்னொருவர் போட முடியுமா? ஊரார் மனுவை அடிக்கும்போது, “என்னத்துக்கு இது, என்ன வேணும்னு தெளிவா சொல்லுங்க அண்ணாச்சி” என்று அதட்டுகிறவள், வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் கேட்கவில்லை. உதவி என்றாலே ஸ்கிரைப் என்று என் மண்டையில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். இந்தத் தப்பு எங்களுக்கு மூன்று வாரத்தைத் தின்றது, பின்னால் சொல்கிறேன்.

நவம்பரில் அந்த அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். மழை. குடையை வெளியே வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கிளார்க் சார் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “35 சதவீதத்துக்கு ஒண்ணும் வராதும்மா” என்றார். எழுத்தில் தாருங்கள் என்றேன். “அதெல்லாம் தர்றதில்ல.” சரி, எந்த அரசாணை என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர் நிமிர்ந்து பார்த்தார், பதில் இல்லை.

இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. கடைக்கு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அடித்து, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். இரண்டே கேள்வி. என் மகளின் விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவு என்ன? எந்த விதியின் கீழ் அந்த முடிவு? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தேழாவது நாள் வந்தது. முதல் கேள்விக்கு, “40 சதவீதத்திற்குக் குறைவாக உள்ளதால் பரிந்துரைக்கப்படவில்லை.” இரண்டாவது கேள்விக்கு நேரே ஒரு சின்னக் கோடு.

இடையில் டிசம்பர் 3 வந்து போனது. உலகம் முழுக்க அது மாற்றுத்திறனாளிகள் தினம். எங்கள் மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் எங்களுடையது என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எழுத ஒரு மணி நேரம் வாங்க நான் அலைந்துகொண்டிருந்தேன்.

கோர்ட் வளாகத்தில் ‘இலவச சட்ட உதவி’ என்ற போர்டை தினமும் பார்ப்பேன். அந்தக் குழுவுக்கே எத்தனையோ பேருக்கு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது ஜீவனாம்சத்துக்கும் அத்துத் தகராறுக்கும்தான் என்று ஒரு நினைப்பு. அங்கே இருந்த சட்டத் தன்னார்வலர் அக்கா ஒருத்தி கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது என் ஃபைலைப் பார்த்துவிட்டு, “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறியே” என்று இழுத்துக்கொண்டு போனாள். 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டம் 12ஆம் பிரிவில் பெண், குழந்தை, மாற்றுத்திறனாளி மூவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டாம். ஒரே வீட்டில் மூன்று தகுதி! ஒரு பைசா செலவில்லை.

கிடைத்த வக்கீல் என்னைவிட இளையவர். என் இரண்டு பக்க மனுவை ஒரு நிமிஷத்தில் ஓரமாக வைத்துவிட்டார். தகவல் மனுவின் பதிலைத்தான் இரண்டு தடவை படித்தார். அந்தச் சின்னக் கோட்டைப் பேனாவால் தட்டி, “அக்கா, நமக்கு வேண்டியது இதுதான்” என்றார்.

பிறகு அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளி. அதற்குச் சதவீதமே கிடையாது. நீண்ட காலக் குறைபாடு இருந்து, அது சுற்றியிருக்கிற தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்தால் போதும். இன்னொன்று, 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்று பெற்றவர். வேலையில் இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத இடம், இதற்கெல்லாம் இந்த 40 வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் 17ஆம் பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவில் ‘மாற்றுத்திறனாளி மாணவர்கள்’ என்றுதான் இருக்கிறது. நாற்பதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

“சட்டத்துல இருக்கது சரி, இதை வச்சு யாராவது ஜெயிச்சிருக்காங்களா?” என்று கேட்டேன். இரண்டு தீர்ப்பைச் சொன்னார். விகாஷ் குமார் வழக்கு, பிப்ரவரி 2021. எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்கிற ஒருவர், யு.பி.எஸ்.சி. பரீட்சைக்கு ஸ்கிரைப் கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 40 சதவீதம் என்ற கணக்கை இதற்குள் கொண்டுவரக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தது அவ்னி பிரகாஷ் வழக்கு, அதே வருஷம் நவம்பர். நீட் பரீட்சையில் ஒரு மாணவிக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் தராமல் தாளை வாங்கிவிட்டார்கள். அவளுக்கு நடந்தது அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுபரீட்சை தரவில்லை.

“அதனால பரீட்சை முடிஞ்ச பிறகு ஜெயிச்சுப் பிரயோசனம் இல்லக்கா. இப்பவே வாங்கணும்.” அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கூடுதலா வேணும்? கணக்கு உண்டா?”

அன்று சாயங்காலம் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தோம். சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம். எட்டாம் வகுப்பு படிக்கிற தம்பி பார்த்து எழுத ஒன்பது நிமிஷம். அவளுக்குப் பன்னிரண்டு. தாள் நழுவியது ஏழு தடவை. இரண்டு மணி நேரம் விடாமல் எழுதவிட்டு அதே அளவுப் பக்கத்தைத் திரும்பக் கொடுத்தோம். பதினாறு நிமிஷம், தோள்பட்டையில் வலி வேறு. மூன்று நாள் இப்படி. ரூல் போட்ட தாளில் தம்பி கட்டம் கட்டி எழுதி வைத்தான். பதினாறு வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாதது, அந்தக் கட்டத்தில் இருந்தது.

40க்குக் கீழே உள்ளவர்களுக்கென்று மத்திய அரசு 2022 ஆகஸ்ட்டில் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. எழுதுவதில் சிரமம் உண்டு என்று அதற்கான மருத்துவர் குழு சான்று தர வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு மணி நேரப் பரீட்சைக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல். மூன்று மணி நேரப் பரீட்சைக்குச் சரியாக ஒரு மணி நேரம். சான்றுக்காகத் திரும்பவும் ஆசாரிப்பள்ளம். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, எழுத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் புது மனு. வக்கீல் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒன்றே கால் பக்கம். முதல் வரியிலேயே கோரிக்கை: ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மணி நேரம் கூடுதல், தாள் நழுவாமல் இருக்க கிளிப் வைத்த அட்டை. என் பிரசவக் கதை போயே போயிற்று. கீழே, “நகல்: மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், சென்னை.” அந்த ஆணையருக்கு, ஆளை வரவழைத்து விசாரிக்க சிவில் கோர்ட்டுக்குரிய அதிகாரம் உண்டு. நகல் என்ற வரிக்கு இருக்கிற மரியாதை மனுவின் மற்ற வரிகளுக்குக் கிடையாது, இதை நான் பதினோரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

மறுபடியும் முட்டுக்கட்டை. “அக்டோபர்ல ஸ்கிரைப் வேணும்னு எழுதியிருக்கீங்க. இப்ப வேண்டாங்கறீங்க. எது உண்மை?” அலுவலகத்தில் இப்படிக் கேட்டதில் தப்பில்லை. அந்த மூன்று வாரம் இதில்தான் போனது. முந்தைய மனுவை வாபஸ் வாங்கும் கடிதத்தை மகளே தன் கையால் எழுதினாள். நான் டைப் செய்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கென்னவோ, வக்கீல் நோட்டீசைவிட அந்தக் கடிதம்தான் வேலை செய்தது என்று தோன்றுகிறது. வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிப்ரவரி நடுவில் ஆணை வந்தது. மூன்று வரி. கூடுதலாக ஒரு மணி நேரம் அனுமதிக்கப்படுகிறது. ஹெச்.எம். டீச்சர் போன் பண்ணிச் சொன்னார், குரலில் என்னைவிட அவருக்குச் சந்தோஷம். அதே பள்ளியில் இன்னும் இரண்டு வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் இருப்பதாக அப்போதுதான் சொன்னார். அந்த இரண்டு மனுவையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அடிப்பதற்கு முன்னால் அம்மாமாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவனுக்கு ஸ்கிரைப்தான் வேண்டியிருந்தது.

முதல் பரீட்சை தமிழ். ஒன்றே காலுக்கு மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் கேட்டில் முட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் கூட்டம் வடிந்தது. நானும் ஒரு ஐஸ் வண்டிக்காரரும் மட்டும் நின்றோம். இரண்டே காலுக்கு அவள் வந்தாள். இடது கை சுண்டுவிரலோரம் முழுக்க நீல மை.

“எல்லாம் எழுதிட்டியா மக்களே?”

“எழுதி, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். பசிக்கி.”

ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். பிளஸ் டூவுக்குத் திரும்ப ஆணை வாங்க வேண்டும். ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. “தேதிய மட்டும் மாத்து, வேற ஒண்ணையும் தொடாண்டாம்” என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.