பழைய காரின் அடித்தரை வெடித்தால் கம்பெனி காசு தருமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், கியர் மாற்றிப் பார்க்கிறார்கள், சீட்டுத் தோலைக்கூடத் தடவிப் பார்க்கிறார்கள். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. பிறகு எம்ஓடி என்னும் பிரிட்டனின் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையில் அடித்தரையில் வெடிப்பு என்று எழுதிக் கொடுத்த அன்று எனக்குப் போன் வரும். "அண்ணை, இது கம்பெனி விட்ட பிழைதானே? கம்பெனி செய்து தராதா?"

தரவும் கூடும், தராமலும் விடலாம். லண்டனில் ஒரு டீலரிடம் வாரண்டி மேசையில் பல வருடம் இருந்தவன் நான். வாரண்டி முடிந்த கார்களுக்காக குட்வில், அதாவது கடமை இல்லாவிட்டாலும் கம்பெனி நல்லெண்ணத்தில் தரும் உதவி, கேட்டு விண்ணப்பம் எழுதி மேலே அனுப்புவதும் என் வேலைகளில் ஒன்று. இப்போது ஹரோவில் ஒரு சின்னக் கராஜில் இருக்கிறேன். அன்று காகிதத்தில் பார்த்த வெடிப்புகளை இன்று லிப்டில் தூக்கிப் பார்க்கிறேன்.

இந்தக் கதைக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் பிஎம்டபிள்யூ ஈ46 என்ற பழைய 3 சீரிஸ், அதிலும் அதன் வேகமான வகையான எம்3. 2000-இல் வந்து 2006 வரை செய்த கார். 3246 சிசி, வரிசையில் ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8000 சுற்றுக்குக் கிட்ட வரை சலிக்காமல் ஏறும் என்ஜின். அந்தப் பலம் முழுவதும், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்பரன்ஷியலுக்குப் போகிறது. டிஃப்பரன்ஷியலும் பின் சஸ்பென்ஷன் கைகளும் சப்ஃபிரேம் என்ற துணைச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சப்ஃபிரேமோ நாலு இடத்தில் மட்டும் காரின் அடித்தரையோடு போல்ட் போட்டுத் தொங்குகிறது. முன் இரண்டு இடமும் பின் சீட்டுக்குக் கீழே, பின் இரண்டும் டிக்கித் தரைக்குக் கீழே.

சிக்கல் அந்தத் தரையில்தான். அது பல தகடுகளை ஸ்பாட் வெல்டால், அதாவது புள்ளி புள்ளியாக உருக்கி, ஒட்டிச் செய்த பெட்டி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சப்ஃபிரேம் ஒரு பக்கம் முறுகும், காலை எடுத்தால் மறுபக்கம். டின் மூடியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கிழிவதைப் போல, போல்ட் இருக்கும் இடத்தைச் சுற்றித் தகடு களைத்துப்போய்க் கிழியத் தொடங்கும். ரேஸ் ஓட்டியவனின் காரில்தான் இது வரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்த சாதாரண ஈ46 வகைகளான 325-இலும் 330-இலும் வந்திருக்கிறது. ஓட்டினாலே தகடு முறுகும், அவ்வளவுதான்.

பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். கீழே போய் டார்ச் அடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது, அண்டர்சீல் என்ற கறுப்புத் துருத்தடுப்புப் பூச்சு எல்லாவற்றையும் மூடியிருக்கும். சப்ஃபிரேம் போல்ட் போட்டிருக்கும் மவுண்டைச் சுற்றி அந்தச் சீலில் முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருக்கும், அதன் ஓரத்தில் துருவின் செம்மஞ்சள் கசிந்திருக்கும். அதுதான் அடையாளம். அந்த இடத்தில் சீலைச் சுரண்டி எடுத்து, துடைத்து, சிவப்புச் சாய ஸ்பிரே அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்த பிறகு வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடிப்போம். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு மெதுவாக ஊறி எழும். போல்ட் துளையிலிருந்து நகம் அளவுக்குக் கோடு வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஸ்பாட் வெல்டுகள் வரிசையாக விட்டுப்போய்த் தகட்டின் ஓரம் வாய் பிளந்திருந்தால் சப்ஃபிரேமையே இறக்கிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. கீழே சுத்தமாக இருந்தாலும் மேலே பெட்டியின் உட்தகடு பிரிந்திருக்கலாம். அதை டிக்கிப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும். புதிதாக அண்டர்சீல் அடித்த பழைய எம்3 என்றால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

இந்த நாட்டுச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்றவை காரோடு பிணைந்திருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் காரின் உடல் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துருவோ வெடிப்போ இருந்தால் எம்ஓடி கிடைக்காது. ஆனால் அதற்கு யார் காசு தர வேண்டும் என்பதற்கு எம்ஓடி பதில் சொல்லாது. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்கு வழி தருவது விற்ற வியாபாரிக்கு எதிராக, செய்த கம்பெனிக்கு எதிராக அல்ல. அதற்கும் இங்கிலாந்தில் ஆறு வருடம், ஸ்கொட்லாந்தில் ஐந்து வருடம்தான் எல்லை. பழைய காரைத் தனியாளிடம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. ஆக, பதினைந்து வயதுக் காருக்குக் கம்பெனி ஏதாவது தந்தால், கடமை என்று தரவில்லை. தங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தருகிறார்கள்.

அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். மேசையில் நான் எழுதி அனுப்பியவை இவைதான்: சேஸி எண், ஓடிய தூரம், எப்போது பதிவானது, எத்தனை கை மாறியது, சர்வீஸ் எங்கே நடந்தது, வெடிப்பின் படங்கள், வேலைக்கு எத்தனை மணிநேரம். மேலே இருப்பவர் காரைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். சர்வீஸ் புத்தகத்தில் டீலர் முத்திரை தொடர்ந்து இருந்தால் ஒரு விழுக்காடு, இரண்டு வருடம் இடைவெளி விழுந்தால் வேறு விழுக்காடு. உதிரிபாகத்துக்கு ஒரு பங்கு, கூலிக்கு வேறு பங்கு. பாகத்தைத் தாராளமாகத் தருவார்கள், கூலிக்கு முகம் சுளிப்பார்கள். ஏனென்றால் பாகம் அவர்களுக்குத் தொழிற்சாலை விலையில் வருகிறது, கூலியோ டீலருக்குக் காசாகப் போகிறது. கடைசியில் வரும் கடிதத்தில் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் தருகிறோம் என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்த வரியைப் பார்த்துக் கோபப்பட்டு ஏற்க மறுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். கோபப்பட ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்டு வேலையை வாங்குங்கள்.

இன்னொன்று. டீலர் மேசையில் இருப்பவனுக்கு குட்வில் கேட்பதில் லாபம் இல்லை. கவுண்டரில் "வாரண்டி முடிந்துவிட்டது" என்று சொன்னால் அது டீலரின் பதில், கம்பெனியின் பதில் அல்ல. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நீங்களே எழுதலாம். எழுதும்போது திட்டிப் பயனில்லை, ஆதாரம் வேண்டும். அமெரிக்காவில் கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளை அங்குள்ள வாகனப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ-வுக்கும் கொடுத்தாக வேண்டும், அவற்றை யாரும் இணையத்தில் தேடலாம். உங்கள் மாடலின் அதே வெடிப்புக்கு அங்கே ஒரு சுற்றறிக்கை இருந்தால் அதன் எண்ணைக் கடிதத்தில் போடுங்கள். இது யாருக்கும் தெரியாத குறை என்று அதற்குப் பிறகு யாரும் பேசமுடியாது.

கம்பெனிகள் தாமாக முன்வந்த கதைகளும் உண்டு, கழுத்தில் கத்தி வந்த பிறகுதான். பிரிட்டனில் பழைய ஆட்கள் இன்றும் சொல்வது லான்சியா பீட்டா. 1972-இல் வந்த அழகான கார். முதல் வரிசைக் கார்களில் என்ஜினைத் தாங்கும் முன் சப்ஃபிரேம் துருப்பிடித்துப் பலமிழந்தது. 1980-இல் பத்திரிகைகளில் நாறிய பிறகு லான்சியா அந்தக் கார்களைத் திரும்ப வாங்கி நசுக்கியது. திரும்ப வாங்கியது நியாயமான வேலைதான். ஆனாலும் மக்கள் மனதில் நின்றது காரை நசுக்கிய படம். 1994-இல் லான்சியா இந்தச் சந்தையை விட்டே போய்விட்டது. அமெரிக்காவில் டொயோட்டா 2008-இல் டகோமா பிக்கப்புகளின் துருப்பிடித்த அடிச்சட்டத்துக்கு 15 வருடம் வரை பொறுப்பெடுத்து, மோசமானவற்றைச் சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்குக்குத் திரும்ப வாங்கியது. அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஆனால் காசைத் தயங்காமல் எடுத்தால் பெயர் நிற்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களில் ஐஎம்எஸ் பேரிங் விவகாரம் வேறு வழியில் போனது. அது காரின் தகடு அல்ல, என்ஜினுக்குள் ஐஎம்எஸ் என்ற இடைத்தண்டைத் தாங்கும் ஒரு பேரிங். உடைந்தால் என்ஜினே போச்சு. 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்கு அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து 2013-இல் சமரசம் ஆனது. 10 வருடம் அல்லது 130,000 மைலுக்குள் உடைந்திருக்க வேண்டும், அதிலும் காரை எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். நீதிமன்றம் போனாலும் அதே மேசைக் கணக்குதான் என்று சிரித்துக்கொண்டேன்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. எல்லாரும் எத்தனை விழுக்காடு கிடைத்தது என்று கேட்கிறார்கள். என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று கேட்பதில்லை.

ஈ46-ஐயே எடுங்கள். ஒரு வழி, வெடிப்பை வெல்டு செய்து, பெட்டிக்குள் கட்டுமான நுரையை ஊசிபோட்டு நிரப்புவது. நுரை இறுகிக் கல்லாகித் தகட்டை அசையவிடாமல் பிடிக்கும். விரைவான வேலை, மலிவு. ஆனால் நாளைக்கு மறுபடி வெடித்தால் அந்த இடத்தில் வெல்டு வைக்கமுடியாது, நுரை பற்றிப் புகையும். முதலில் அதை உளியால் கொத்தி எடுக்க வேண்டும், அந்த வேலையைச் செய்தவனைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வழி, தரையையே வெட்டி எடுத்துப் புதிய தரை வைப்பது. பெட்ரோல் டாங்க், எக்ஸாஸ்ட், பின் அச்சு, உள்ளே சீட், கம்பளம் எல்லாம் கழரும். பெரிய வேலை, ஆனால் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். தொழிற்சாலை நிலையே வெடித்த நிலைதானே என்று கேட்டால், ஆம். அதனால் தனிக் கராஜ்களில் மூன்றாவது வழி இருக்கிறது: கீழே தடித்த தகடுகளை மவுண்டைச் சுற்றி வெல்டு செய்து, மேலே டிக்கிப் பக்கம் ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்து மவுண்டின் பாரத்தைப் பக்கச் சட்டங்களுக்குக் கடத்துவது. கீழ்த்தகடு மட்டும் போட்டவர்கள் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள், மேல் உட்தகடு அப்படியே நிற்கிறது.

கம்பெனி மூன்றாவது வழிக்குக் காசு தராது. அது அவர்கள் வரைபடத்தில் இல்லை. ஆகவே பேரம் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில்.

வெம்ப்ளியில் இருக்கும் ஒரு தம்பி, கணக்காளர், நல்ல பொறுமைசாலி. பதினான்கு வயது இரண்டு கதவுக் கார், கம்பெனி எது என்பதை விடுவோம், ஈ46 இல்லை. பின் சஸ்பென்ஷன் டவர் தகட்டில் வெடிப்பு. டீலர் முகத்தைப் பார்த்ததும் வயது கூடிவிட்டது என்று அனுப்பிவிட்டார். தம்பி படங்கள், சர்வீஸ் ரசீதுகள், சுற்றறிக்கை எண் எல்லாம் ஒரே கோப்பில் போட்டுக் கம்பெனிக்கு எழுதினார். பதில் வந்தது: பாகம் முழுவதும் இலவசம், கூலியில் பாதி, வெடிப்பை வெல்டு செய்து பூச்சு அடிப்போம். அவருக்கு ஒரே சந்தோசம். "அண்ணை, வென்றுவிட்டோம்" என்றார்.

"பாகம் இலவசம் என்கிறார்களே, என்ன பாகம்?" என்று கேட்டேன். வெல்டு வைத்துப் பூச்சு அடிப்பதற்கு என்ன பாகம்? நாலு ரப்பர் புஷ், கொஞ்ச போல்ட். பாதிக் கூலியும் சின்ன வேலையின் பாதி. திரும்ப எழுதச் சொன்னேன், காசு கூட்டிக் கேட்க வேண்டாம், தகட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று. மாற்றுத் தகடு பாகப் பட்டியலில் இன்னும் இருப்பதை நான் பார்த்துச் சொன்னேன். இரண்டு மூன்று கடிதம் போய் வந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்: தகடு அவர்களுடையது, கூலியில் அவர்கள் பங்கு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறையும். விழுக்காட்டில் பார்த்தால் தம்பி தோற்றுவிட்டார், கையிலிருந்து கூடவும் போனது. ஆனால் வெடித்த இரும்பு காரை விட்டுப் போய்விட்டது.

வேலை நடக்கும்போது ஒன்று கட்டாயம் செய்யச் சொன்னேன். பழைய தகடு கழன்ற நிலையில் ஒரு படம், புதிய தகட்டின் வெல்டுகள் தெரிய ஒரு படம், அண்டர்சீல் அடிப்பதற்கு முன்பு. டீலர் கராஜுக்குள் வாடிக்கையாளரை விடமாட்டார்கள், ஆனால் வெல்டு செய்பவரிடம் போனில் எடுத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை, தன் வேலையைக் காட்ட அவருக்கும் விருப்பம்தான். பில்லில் "அடித்தரை பழுது" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்து, பாக எண்ணோடு "தகடு மாற்றம்" என்று எழுதி வாங்குங்கள். அந்தப் படமும் அந்தப் பில்லும் இல்லாத காரை விற்கக் கொண்டுவந்தால், வாங்க வருபவருக்காக என்னைப்போல ஒருவன் சீலைச் சுரண்டத்தான் போகிறான்.