ஐஸ் பெட்டியில் வந்த தைலீரியா தடுப்பூசி

வேளைக்கு ஏழு லிட்டர் கறந்த ஜெர்சி கலப்பினப் பசுவைத் தைலீரியாவுக்குப் பறிகொடுத்த பிறகுதான், உண்ணி பரப்பும் அந்த நோய்க்குத் தடுப்பூசி இருப்பதே எனக்குத் தெரியவந்தது. 106 டிகிரிக் காய்ச்சலை வெயில் சூடு என்று எண்ணி மூன்று நாள் கடத்திவிட்டேன். தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டிய பிறகே மருத்துவரை அழைத்தேன்; இந்த நோய்க்கான பியூபர்வாகுவோன் மருந்தை ஊசியாகப் போட்டும் பசு பிழைக்கவில்லை.

மீதமிருந்த இரண்டு கிடேரிகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று விசாரித்தேன். கோமாரி ஊசியைப் போல இது எங்கள் ஊர் முகாமுக்கு வரவில்லை. ஈரோட்டில் ஒரு மருந்துக் கடையில் பணம் கட்டியதும், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குப்பியை வைத்துக் கொடுத்தார்கள். பேருந்தில் அதை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். மருத்துவர் பெட்டியைத் திறந்து பார்த்ததோடு சரி, ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை. இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள ஒட்டுண்ணி என்றும், சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைப் போலவே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜன் கேனுக்குள் வைத்திருந்தால்தான் அது உயிரோடிருக்கும் என்றும், ஐஸில் வந்த குப்பியைப் போட்டுப் பயனில்லை என்றும் விளக்கினார். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "கோமாரி ஊசியை எல்லாரும் இப்படித்தானே கொண்டுபோகிறார்கள்" என்றார்களே தவிர, பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பதில் இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே நைட்ரஜன் கேனில் வருமா என்று கேளுங்கள். குப்பியைக் கரைத்துவிட்டால் தாமதிக்காமல் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்துக் கலப்பின மாடுகளையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் தாண்டிய கன்றுகளுக்குப் போடலாம். முற்றிய சினை மாடுகளை விலக்கிவிடுங்கள்.

இரண்டாம் முறை மருத்துவர் மூலமாகவே வரவழைத்தோம். கேன் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து தரையில் படர்ந்தது. வெதுவெதுப்பான நீரில் குப்பியை உருக்கிக் கரைத்து, கழுத்துத் தோலுக்கடியில் மாட்டுக்கு 3 மில்லி வீதம் போட்டு முடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் இந்த ஊசி நோயைத்தான் தடுக்கிறது, உண்ணியைக் கொல்வதில்லை. நேற்றும் மூத்த கிடேரியின் காது மடலுக்குள் ஆறு உண்ணிகளைப் பிடுங்கினேன். அவை பதுங்கும் தொழுவச் சுவர் வெடிப்புகளை இப்போது சிமெண்ட் வைத்து அடைத்துவருகிறேன்; வடக்குச் சுவர் மட்டும் பாக்கியிருக்கிறது.