சுவரில் சாக்பீஸ், கணக்கில் மைனஸ் வாட்

நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கும்போது பையன்களின் கால் பலத்தைக் கண்ணளவில் சொல்லாமல் எண்ணாகப் பார்க்க ஆசை வந்தது. காலின் உந்து விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டெல்லாம் நமக்கு எட்டாது. சுவர், சாக்பீஸ், டேப், எடை மெஷின் இருந்தன. 1921இல் அமெரிக்க உடற்கல்வியாளர் டட்லி சார்ஜென்ட் எழுதிய, எம்பும் உயரத்தை அளக்கும் சோதனைக்கு அவ்வளவே போதும். விரலில் சாக்பீஸ் தூள் பூசி, சுவரோரம் நின்று கையை நீட்டி ஒரு தடம். எம்பி மேலே ஒரு தடம். இடைவெளிதான் உயரம்.

முதல் நாளே எட்டாம் வகுப்புப் பயல் ஒருவன் எல்லாரையும் தாண்டி 45 செ.மீ. காட்டினான். சந்தேகம் வந்து கீழ்த் தடத்தை மறுபடி வைக்கச் சொன்னேன். தோளைத் தூக்கி நீட்டியதும் அது 7 செ.மீ. மேலே போய்விட்டது. "கையை முழுசா நீட்டாதன்னு அண்ணன்தான் சொன்னான் சார்." அண்ணன் என் பழைய அணிக்காரன்!

எம்பிய உயரத்தைக் கால் திறனாக, அதாவது வாட்டாக மாற்ற, 1999இல் சேயர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட சூத்திரத்தை எடுத்தேன். செ.மீ. உயரத்தை 60.7ஆலும், கிலோ எடையை 45.3ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 2055ஐக் கழித்தால் உச்சத் திறன். அதன்படி பயலின் 7 செ.மீ. ஏமாற்று சுமார் 425 வாட். அப்புறம்தான் கவனித்தேன், அந்தச் சூத்திரம் முழங்காலை மடக்கி, அப்படியே நிறுத்தி, எம்புவதற்கானது. பிள்ளைகள் நிறுத்தவே மாட்டார்கள். கடைசி நொடியில் இன்னும் கொஞ்சம் குனிந்து எம்புவார்கள். நிறுத்தி எம்பப் பழக்கவே இரண்டு பீரியட் போனது.

முடிவுகள் என் கண்ணளவைக் கொஞ்சம் அசைத்தன. 48 கிலோ பையன் 36 செ.மீ. எம்பினான்: சுமார் 2305 வாட். 71 கிலோ பையன் 29 செ.மீ.தான், ஆனால் 2922 வாட். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 48, 41 என்று வரிசை திரும்புகிறது. ஸ்பைக் அடிக்க எம்புபவன் தன் உடம்பைத்தானே தூக்க வேண்டும்? நான் கிலோக் கணக்கைத்தான் பார்த்தேன்.

சரி, ஆறாம் வகுப்பையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். 24 கிலோ பொடியன், 15 செ.மீ. விடை மைனஸ் 57 வாட். கால்குலேட்டரை மூன்று முறை தட்டினேன், அதேதான். கல்லூரி வயதினரை அளந்து உருவாக்கிய சூத்திரம் அது. 2055ஐக் கழித்தால் பொடியனுக்கு என்ன மிஞ்சும்? "சார், எனக்கு எவ்வளவு சார்?" என்று எட்டி எட்டிப் பார்த்தான். நோட்டில் 15 செ.மீ. என்று மட்டும் எழுதி, வாட் கட்டத்தைக் காலியாக விட்டேன்.