249 கிராம் ட்ரோன்தானே என்று நார்வேக்குக் கிளம்பிவிடாதீர்கள்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது, இன்னும் அந்தக் கால்பந்து மைதானம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, லொஃபோடன் தீவுகளில் ஹென்னிங்ஸ்வார் என்ற மீனவ ஊர். ஊர்க் கோடியில் ஒரு பாறைத் தீவின் மேல் பச்சைப் பாய் விரித்த மாதிரி மைதானம், சுற்றிலும் கடல். கேலரி கிடையாது. பக்கத்திலேயே மரச்சட்டங்களில் காட் மீன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பிப்ரவரியிலிருந்து மே வரை, உப்பே போடாமல், குளிர்காற்றிலேயே காயவைக்கிறார்கள். கருவாட்டு வாடை தெரிந்தவர்களுக்கு அங்கே சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். ஆனால் தரையில் நின்றால் இந்த அழகு பாதிகூடத் தெரியாது. மேலிருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ட்ரோன்.

2021-ல் என் டிஜேஐ மினி 2 ட்ரோனை வாங்கியபோது கடைக்காரர் அடித்துச் சொன்னார்: "249 கிராம்தான் சார், எந்த நாட்டுலயும் பதிவு பண்ண வேண்டாம்." இதை இன்னும் நிறைய பேர் நம்புகிறார்கள். சுத்தத் தவறு. ஐரோப்பிய விதிப்படி 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும், கேமரா இருந்தால் பறக்கவிடுபவர் பதிவு செய்தே ஆக வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ட்ரோனுக்கு அதே விதிதான். ஜப்பானில் இன்னும் கறார்: 2022 ஜூனிலிருந்து 100 கிராமிலேயே பதிவு தொடங்கிவிடுகிறது.

நான் சென்னையிலிருந்தே நார்வே விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது. பதிவு ட்ரோனுக்கு இல்லை, நமக்கு. கிடைக்கும் எண்ணை ட்ரோன் மேல் ஒட்ட வேண்டும். எண்ணின் கடைசியில் மூன்று ரகசிய எழுத்துகள் வரும், அவற்றை மட்டும் ஒட்டக் கூடாது. இந்த ஒரு பதிவே ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் செல்லும், அதனால் பாரிஸ், ரோம் என்று சுற்றுபவர்களுக்குப் பெரிய லாபம். இன்னொன்று: இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினால் எடை 250 கிராமைத் தாண்டிவிடும், உடனே வேறு விதிகள் வந்துவிடும். வளையத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

இனி வயிற்றெரிச்சல். நான் தங்கியது அதே தீவுகளில் உள்ள ஸ்வோல்வார் என்ற ஊரில். விமான நிலையம் 5 கிலோமீட்டருக்குள் இருந்ததால் அறை வாசலில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. சரி, ஹென்னிங்ஸ்வார் போய்விடலாம் என்று பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தோதாகப் பேருந்தே இல்லை. சுமார் 25 கிலோமீட்டர். டாக்ஸிக்காரர் கேட்டது 900 குரோன்! ஒரு குரோன் எட்டு ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம். சூப்பர் மார்க்கெட் ரொட்டியும் சீஸும் தின்று மிச்சம் பிடித்ததெல்லாம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. பதிவுக் கட்டணமெல்லாம் இதற்கு முன்னால் தூசு. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமையைத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

போய் இறங்கினால் பேய்க்காற்று. மினி 2 தாங்குவது நொடிக்குச் சுமார் பத்து மீட்டர் வேகக் காற்று வரைதான். இரண்டு மணி நேரம் மைதானத்து ஓரத்தில் விறைத்து நின்றேன். அப்போது உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நாயோடு வந்தார். பையைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "பதிவு எண் இருக்கிறதா?" காட்டினேன். குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, முழுதாகப் படித்தார். பிறகு கடல் பக்கம் கைநீட்டி, "அந்த மேகம் நகர்ந்தால் காற்று விழும், காத்திரு" என்றார். போன கோடையில் ஒருவர் ஆட்டம் நடக்கும்போது ஆட்கள் தலைக்கு மேலேயே பறக்கவிட்டாராம், பெரியவருக்கு இன்னும் கோபம். நியாயமான கோபம். கூட்டத்துக்கு மேல் பறக்கவிடுவது எங்கேயுமே கூடாது.

அவர் சொன்னபடியே காற்று விழுந்தது. 120 மீட்டர்தான் உச்ச வரம்பு, நான் 80-ஐத் தாண்டவில்லை, அதுவே போதும். திரையில் மைதானமும் பாறையும் பச்சை நீலக் கடலும் ஒன்றாக விரிந்தபோது கத்தியே விட்டேன். பெரியவரும் குனிந்து பார்த்தார். கடற்பறவை ஒன்று வட்டமிட ஆரம்பித்ததும் இறக்கிவிட்டேன், பறவைக்கும் ட்ரோனுக்கும் நல்லதில்லை. மொத்தம் பதினோரு நிமிடம். அந்த 900 குரோன் அங்கேயே மறந்துபோனது.

அப்புறம் முக்கியமான ஒன்று. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை. அதனால் கிளம்பும்போதே சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ட்ரோனைக் காட்டி, அது இங்கிருந்தே கொண்டுபோனது என்பதற்கு வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, எரிச்சலாகத்தான் இருந்தது. திரும்பி வந்த இரவு ஸ்கேனரில் பையை நிறுத்தினார்கள். அந்தத் தாளை நீட்டினேன். எண்ணைச் சரிபார்த்து, ட்ரோனைத் திருப்பித் தந்தார்கள்.