சித்தி மகளின் அசைன்மென்ட்

இதழியல் படிக்கும் சித்தி மகள் செய்தி ஒன்றை எழுதி அனுப்பி, "அண்ணா, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றாள். வகுப்பில் கொடுத்த தகவல்: கிடங்கில் தீ, இருவருக்குக் காயம், காரணம் விசாரணையில். அவள் தொடங்கியிருந்தது: "அதிகாலை நேரம். ஊரே அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது." காயம்பட்டவர்கள் நான்காவது பத்தியில்தான் வந்தார்கள், பாவம்.

திருத்தித் தரமாட்டேன், கேள்வி மட்டும் கேட்பேன் என்றேன். "இதையே ஃபோன்ல அம்மாகிட்ட எப்படிச் சொல்வே?"

"கிடங்குல தீப்பிடிச்சு ரெண்டு பேருக்குக் காயம்மா."

அதுதான் லீட், அதாவது செய்தியின் தொடக்க வரி. எங்கே, எப்போது என்பதைச் சேர்த்தால் போதும். பக்கத்தில் இடமில்லையென்றால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் முக்கியமானது மேலே. இப்படி எழுதும் தலைகீழ்ப் பிரமிடு முறையெல்லாம் அவளுக்குத் தெரியும். தேர்வில் படமே வரைவாள்.

"மின்கசிவே காரணம்" என்று முடித்திருந்தாள். யார் சொன்னது?

"பொதுவா அப்படித்தானேண்ணா போடுவாங்க?"

போடுகிறார்கள்தான், அதுதான் எரிச்சலே. தீயணைப்புத் துறையினர் சொன்னால் அவர்கள் கூற்றாகப் போடு. இல்லையென்றால் "விசாரணை நடக்கிறது" என்பதோடு நிறுத்து என்றேன். அப்புறம் "பயங்கர", "பரிதாப" இரண்டையும் அவளே அடித்துவிட்டாள். அடுத்தது பேட்டிக் கட்டுரையாம். இப்போதே என்னைப் பேட்டி எடுக்கக் கேட்கிறாள்; சொந்தக்காரர்களை விட்டுவிட்டு வெளியே ஆள் தேடு என்று சொல்லியிருக்கிறேன்.